சம்மட்டி எழுதியது

12 ஜூன் 2002, புதன்

ஸ்டோர்ஸில் ஸ்டாக் எடுப்பு. மதியம் வரை தலை நிமிரவில்லை. எல்லோரும் கேன்டீனுக்குக் கிளம்பிய பிறகு கம்ப்யூட்டரில் மெயிலைத் திறந்தால் முப்பத்தொன்று வந்து கிடக்கிறது. அத்தனையும் ஒரே சண்டை: ரெட் ஆக்ஸைடு இன்னும் கனமான பேண்ட்தானா, இல்லை இளகிப்போய்விட்டதா?

நோட்டு புதுசு. ஒரு தடவை எழுதி வைத்துவிடுகிறேன், பிறகு படித்தால் எனக்கே சிரிப்பு வரும். ரெட் ஆக்ஸைடு என் அண்ணன் ராகேஷ் பாடுகிற ராக் பேண்ட், உறுமிப் பாடுகிற 'மெட்டல்' வகை. நாலு பேர், ஒரு கேசட், அதைக் கேட்டுவிட்டுப் பைத்தியம் பிடித்த இருநூற்றுச் சொச்சம் பேர். அந்த இருநூறு பேரும் ஒரு மெயில் குரூப்பில் இருக்கிறார்கள். அதில் எல்லோரும் பயப்படுகிற ஒரு ஆள் உண்டு, பெயர் சம்மட்டி. ஆறடி உயரம், தாடி, எங்கேயோ லேத் பட்டறை வைத்திருக்கிறான் என்று பேச்சு. அந்த ஆள் நான்தான். ஐந்தடி ஒரு அங்குலம், பொம்மசந்திராவில் ஸ்டோர்ஸ் கிளார்க், பெங்களூர் ஒக்கலிபுரத்தில் வீடு.

இன்றைய சண்டை டென்சிலோடு. லிங்கராஜபுரத்து ஆள், மெதுவான பாட்டுகளின் வக்கீல். 'வெட் மேட்ச்பாக்ஸ்' பாட்டில் வருகிற பனி ஒரு படிமமாம். நான் எழுதினேன்: "பெங்களூரில் ஐஸ்க்ரீம் டப்பாவைத் தவிர எங்கே ஐயா பனி பார்த்தீர்கள்? பாடகர் பார்த்ததை எழுதட்டும். ரயில் எஞ்சின் பற்றி எழுதினாரே, 'ஷன்டிங்', அது பாட்டு." ஒன்பது பேர் சபாஷ் போட்டிருக்கிறார்கள்.

16 ஜூன், ஞாயிறு

சாப்பிடும்போது ராகேஷ் சொன்னான், "அந்த சம்மட்டி இருக்கானே, செம ஆளு. பனியைப் பத்தி கேட்டான் பாரு, எனக்கே வெக்கமாப் போச்சு." அம்மா இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள், அவளுக்கு இதெல்லாம் ஒன்றும் புரியாது. நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

இதையே '99 கடைசியில் அவன் முகத்துக்கு நேராகச் சொன்னேன். "உனக்கின்னாடி தெரியும் மெட்டல் பத்தி? போய் சினிமாப் பாட்டு கேளு" என்றான். அன்றைக்கு ராத்திரிதான் சம்மட்டி பிறந்தான். இப்போது பார், செம ஆளாம்!

1 ஜூலை, திங்கள்

நேற்று ஒரு காலேஜில் சாயங்காலம் கச்சேரி. நான் பின்வரிசை. முதல் பாட்டிலேயே தெரிந்துவிட்டது, ராகேஷின் அடித்தொண்டைக் கர்ஜனை காணோம். அடியில் இருந்து எழும்பி வரும், நமக்கு வயிற்றில் போய் உட்காரும். நேற்று மேலே மேலேயே உரசிக்கொண்டு நின்றது. 'ஷன்டிங்' பாடவே இல்லை. அதற்குப் பதில் இரண்டு மெதுவான பாட்டு. பக்கத்தில் இருந்த பையன்கள் கொட்டாவி விட்டார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு நல்ல குரலை வைத்துக்கொண்டு இப்படிச் சோம்பேறித்தனமா?

இன்று மதியம் எழுதி அனுப்பினேன். "கர்ஜனை போய் இருமல் வந்திருக்கிறது. நாலு நிமிஷம் 'ஷன்டிங்' பாடத் திராணி இல்லாதவர் மைக்கை விட்டுவிட்டுக் கல்யாண வீட்டில் தாலாட்டு பாடலாம்."

தாலாட்டு கொஞ்சம் ஜாஸ்தியோ? இருக்கட்டும். உறைக்கட்டும்.

4 ஜூலை, வியாழன்

உறைத்துவிட்டது. ராகேஷ் அதைப் பிரின்ட் எடுத்து, நாலாக மடித்துப் பர்ஸில் வைத்திருக்கிறான். பேண்டில் டிரம்ஸ் வாசிக்கிற சண்முகம் வீட்டுக்கு வந்தபோது எடுத்துப் படித்துக் காட்டினான். "விடு மச்சா, எவனோ லேத்துக்காரன்" என்றான் சண்முகம். ராகேஷ் சிரிக்கவே இல்லை. "இல்ல மச்சா. அவன் பொய் சொல்ல மாட்டான். காட்டறேன் அவனுக்கு" என்றான்.

அவர்களுக்குக் காபி கொண்டுபோய் வைத்தவள் நான்.

12 ஜூலை, வெள்ளி

ராகேஷ் கால் சென்டரில் ராத்திரி முழுக்க அமெரிக்காக்காரர்களோடு பேசிவிட்டு வந்து, தூங்காமல் மாடியில் ஒன்றரை மணி நேரம் கர்ஜனைப் பயிற்சி. கீழ்வீட்டுக்காரர் வந்து நாய்க்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

21 ஜூலை, ஞாயிறு

துணி ஊறப்போடும்போது அவன் சட்டைப் பையில் ஒரு டாக்டர் சீட்டு. காது மூக்கு தொண்டை டாக்டர். தேதி ஜூன் 24. குரல்நாணில் இரண்டு பக்கமும் காய்ப்பு. மூன்று வாரம் பேசக்கூடாது. கத்தவே கூடாது. 'கத்தவே கூடாது' என்பதற்கு அடியில் இரண்டு கோடு.

ஜூன் 24! நான் எழுதியது ஜூலை 1. அந்தக் கச்சேரியில் அவன் சோம்பேறித்தனமாகப் பாடவில்லை. டாக்டர் சொன்னதைக் கேட்டு அடக்கித்தான் பாடியிருக்கிறான். அதற்குத்தான் நான் இருமல் என்றும் தாலாட்டு என்றும்...

அவன் எழுந்ததும் சீட்டைக் காட்டினேன். குரல் காலையில் மணல் கொட்டுகிற மாதிரி வருகிறது. "அம்மாகிட்ட சொன்னா கொன்னுடுவேன். சண்முகத்துக்கும் தெரியக்கூடாது. அம்மா மேல சத்தியம் பண்ணு" என்றான். பண்ணினேன். "ஏன்ணா மாடியில அப்டி கத்தறே?" என்று கேட்டதற்கு, பர்ஸைத் தட்டிக் காட்டினான். "ஒரே ஒரு தடவை, ரூபி. ஒரே ஒரு தடவை அந்த ஆள் எதிர்ல 'ஷன்டிங்' முழுசா பாடணும். அப்புறம் மூணு வாரம் இன்னா, மூணு மாசம் வாயைத் திறக்க மாட்டேன்."

என் கையை வெட்டிப்போட வேண்டும். அப்பா போன பிறகு இந்த வீடு ஓடுவது அவன் பேசிச் சம்பாதிக்கிற சம்பளத்தில். குரல் போனால் பாட்டு மட்டுமா போகும்?

29 ஜூலை, திங்கள்

வந்துவிட்டது. ஆகஸ்ட் 25 ஞாயிறு, திறந்தவெளி மேடை, பெரிய கச்சேரி என்று அறிவிப்பு. வழக்கப்படி கடைசிப் பாட்டு குரூப்பின் ஓட்டு. ரெட் ஆக்ஸைடு தொடங்கின வருஷம் மேடையில் நின்று கொடுத்த வாக்கு அது. எது ஜெயித்தாலும் பாடுவார்கள், இதுவரை ஒரு தடவைகூட மீறினதில்லை. குரூப்பை நடத்துகிற பாலசுப்ரமணியன் ஓட்டுகளை எண்ணி ஆகஸ்ட் 19 அன்று சொல்வார்.

முதல் மெயிலே இப்படி: "சம்மட்டி கேட்டது 'ஷன்டிங்'. நம்ம எல்லார் ஓட்டும் அதுக்குத்தான்." கீழே வரிசையாக, நானும், நானும், நானும்.

31 ஜூலை, புதன்

பஸ்ஸில் மனசுக்குள்ளேயே எழுதி எழுதி அழித்தேன். மதியம் அனுப்பியது: "'ஷன்டிங்' வேண்டாம். 'வெட் மேட்ச்பாக்ஸ்' கேட்போம். கத்துவது மட்டும் கனம் இல்லை. டென்சில் சொல்லிவந்தது சரி. பனி இருந்தாலும் பரவாயில்லை."

1 ஆகஸ்ட், வியாழன்

ஒருத்தரும் நம்பவில்லை. டென்சிலே எழுதியிருக்கிறார்: "இது சம்மட்டி இல்லை. மூன்று வருஷத்தில் அவர் ஒரு தடவைகூட என்னோடு ஒத்துப்போனதில்லை. யாரோ அவருடைய பாஸ்வேர்டைத் திருடிவிட்டார்கள்."

நான்தான் என்று எழுதினேன். திருடனும் அதைத்தானே சொல்வான் என்று பதில் வருகிறது!

2 ஆகஸ்ட், வெள்ளி

பாலசுப்ரமணியன் என் கணக்கை நிறுத்திவிட்டார். "உண்மையான சம்மட்டி நேரில் வந்து நிரூபித்தால் திறந்துவிடப்படும். நமது மூத்த உறுப்பினரின் மானத்தைக் காப்பது நம் கடமை." என் மானத்தைக் காப்பாற்ற என் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

அண்ணாவுக்குப் பயங்கர சந்தோஷம். "சம்மட்டி பேர்ல எவனோ போலி புகுந்துட்டான், தெரியுமா? என்மேல பரிதாபப்படற மாதிரி எழுதறான். சம்மட்டி பரிதாபப்படற ஆளா?"

9 ஆகஸ்ட், வெள்ளி

சண்முகத்திடம் சொல்லிவிடலாமா? சத்தியம். அம்மாவிடம்? அதுவும் சத்தியம். அம்மாவே இன்று கேட்டாள், "இன்னாடா, தொண்டை இப்டி கீது? மொளகு ரசம் வெக்கட்டா?" அவன் தலையை ஆட்டினான். நானும் எதுவும் தெரியாதவள் மாதிரி மிளகு இடித்தேன்.

15 ஆகஸ்ட், வியாழன்

லீவு. பாலசுப்ரமணியனுக்குத் தனியாக மெயில் போட்டு எம்.ஜி. ரோடு காபி ஹவுஸுக்கு வரச் சொல்லியிருந்தேன். அடையாளத்துக்கு ரெட் ஆக்ஸைடு கேசட்டை மேஜைமேல் வைப்பதாகச் சொன்னார். நீளமுடிப் பையன் ஒருவனைத் தேடினால், கேசட்டுக்குப் பின்னால் நாற்பது வயதுக்காரர், இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, நெற்றியில் கீற்றாகச் சந்தனம். பேங்கில் ஆபீசராம். அப்பா, தாத்தா எல்லாரும் மைசூர் அரசாங்க உத்தியோகமாம். அவர் என்னைத் தாண்டி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சம்மட்டி வரலையாம்மா? நீங்க தங்கையா?"

"தங்கைதான் சார். ஆனா நான்தான் சம்மட்டி. ராகேஷோட தங்கை."

நம்ப வைக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. '99 டிசம்பரில் நான் போட்ட முதல் மெயிலை மனப்பாடமாக ஒப்பித்தேன். அவருக்கும் அது மனப்பாடம்! கூடவே சொல்லி முடித்தார். பிறகு காபியை நகர்த்தி வைத்துவிட்டு, "ஐயோ" என்றார். அதற்கப்புறம் டாக்டர் சீட்டு விஷயத்தைச் சொன்னேன். சத்தியம் அம்மாவுக்கும் சண்முகத்துக்கும்தானே, இவருக்கு இல்லையே என்று எனக்கு நானே ஒரு நியாயம்.

"இதுவரைக்கும் 'ஷன்டிங்' நூத்தி நாப்பத்திமூணு. 'மேட்ச்பாக்ஸ்' இருபத்தி ரெண்டு" என்றார்.

"மாத்திச் சொல்லிடுங்களேன் சார்."

அவர் முகம் சுண்டிவிட்டது. "அது மட்டும் என்னால ஆகாதும்மா. எண்ணினதை எண்ணினபடிதான் சொல்வேன். ஒண்ணு செய்யறேன், ஒங்க கணக்கைத் தெறந்து விடறேன். நீங்க யாருன்னு சொல்லி குரூப்புக்கு எழுதுங்கோ. அத்தனை பேரும் ஓட்டை மாத்திடுவா. ஆனா அதுக்கு முன்னாடி ஆத்துல அவர்கிட்ட சொல்லிடுங்கோ. மெயில் பார்த்து அவர் தெரிஞ்சுக்கப்படாது."

சொல்கிறேன் என்றேன். பில்லை அவரே கொடுத்தார்.

18 ஆகஸ்ட், ஞாயிறு

மூன்று நாளாக 'இன்று சொல்கிறேன்' என்றே எழுந்திருக்கிறேன். அவன் ஷூ பாலிஷ் போடும்போது பக்கத்தில் போய் நின்றேன். "இன்னா?" என்றான். "ஒண்ணுமில்ல, பாலிஷ் தீந்துடுச்சா?" என்று கேட்டேன். சீ!

என்ன பயம் எனக்கு? அடிக்க மாட்டான். பேசாமல் போய்விடுவான், அதுதான் பயம். இன்னொன்றும் இருக்கிறது, இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். சம்மட்டி போய்விட்டால் நான் சொல்வதை இந்த வீட்டில் யார் கேட்பார்கள்?

19 ஆகஸ்ட், திங்கள்

'ஷன்டிங்' 171. அறிவித்துவிட்டார். கூடவே எனக்கு மட்டும் தனி மெயிலில் ஒரு வரி: "இன்னும் ஆறு நாள் இருக்கு."

24 ஆகஸ்ட், சனி

இன்று சொல்லியே விட்டேன், பாதி. அவன் இஞ்சி நறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தான். "அண்ணா, நாளைக்கு அந்தப் பாட்டு வேணாம்ணா. வாக்கு கீக்கு எல்லாம் விடு. உன் தொண்டைக்கு ஒண்ணு ஆச்சுன்னா..."

"சும்னே இரு ரூபி. உனக்கின்னா தெரியும் மெட்டல் பத்தி?"

அடுத்த வரி என் நாக்கு நுனியில் இருந்தது. நான்தான்டா சம்மட்டி, எனக்குத்தான்டா தெரியும். ஆனால் அந்த ஒரு வார்த்தை, மூன்று வருஷமாக அதே வார்த்தை, கேட்டதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. போ, பாடு, பட்டுக்கொள் என்று நினைத்தேன். நினைத்தேனே! எழுந்து வந்து துணி மடித்தேன்.

26 ஆகஸ்ட், திங்கள்

லீவு போட்டுவிட்டேன்.

நேற்று சாயங்காலம் ஐந்து மணிக்கு மேடை. கூட்டம் ஆயிரம் பேருக்குக் குறையாது. மற்ற பாட்டெல்லாம் அடக்கியே பாடினான். கடைசியில் மைக்கைப் பிடித்து, "இது சம்மட்டிக்கு. எங்க இருந்தாலும் கேளு குரு" என்றான். கூட்டம் ஓவென்று கத்தியது. நான் மூன்றாவது வரிசை. அவன் கண் தாடிவைத்தவர்களாகப் பார்த்துத் தேடிக்கொண்டு போனது. என்னைத் தாண்டியும் போனது.

முதல் சரணத்தில் அந்தக் கர்ஜனை, பழையபடி, அடியில் இருந்து. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். ஆமாம், சந்தோஷம்தான் பட்டேன், வெட்கமில்லாமல். இரண்டாவது சரணத்தில் வாய் திறந்திருக்கிறது, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, சத்தம் இல்லை. வெறும் காற்று. மறுபடி முயன்றான். காற்று. சண்முகம் ஒன்றும் புரியாமல் அடித்துக்கொண்டே இருந்தான்.

இதைக் கேள். கூட்டம் கை தட்டியது! வேண்டுமென்றே விட்ட இடைவெளி, புதுசாக ஏதோ செய்கிறான் என்று நினைத்துவிட்டார்கள். என் பின்னால் ஒருத்தன், "சக்கத் குரு, பிரமாதம்! என்னா ஹெவி!" என்று கத்தினான். ராகேஷ் தொண்டையைப் பிடித்துக்கொண்டு அவர்களைப் பார்த்தான். மைக்கை ஸ்டாண்டில் ஒழுங்காக மாட்டிவிட்டு இறங்கிப் போனான். கைதட்டல் நிற்கவே இல்லை. நிறுத்துங்கடா, நிறுத்துங்கடா என்று நான் கத்தினது யாருக்கும் கேட்கவில்லை.

28 ஆகஸ்ட், புதன்

குரல்நாணில் ரத்தம் கசிந்து கட்டியிருக்கிறது. ஒரு மாதம் ஒரு சொல்கூடப் பேசக்கூடாது, முணுமுணுக்கக்கூட. பிறகு ஆபரேஷன். பேச்சு திரும்பும் என்றார் டாக்டர். பாட்டு? "அதை அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைக் கேட்டாள், "உனக்குத் தெரியுமாடி?" தெரியும்மா என்றேன். பளாரென்று அறைந்தாள், வாங்கிக்கொண்டேன்.

3 செப்டம்பர், செவ்வாய்

சொல்லிவிட்டேன். முழுசாக.

அவன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தான், மடியில் நோட்டும் பேனாவும். எல்லாம் அதில்தான் எழுதிக் காட்டுகிறான், தண்ணி, சூடா, வேணாம். எதிரில் தரையில் உட்கார்ந்து, '99-இல் இருந்து தொடங்கி ஒன்றுவிடாமல் சொன்னேன். பெயர் வைத்தது, இருமல், தாலாட்டு, பாஸ்வேர்டு கூத்து, காபி ஹவுஸ், 24-ஆம் தேதி நான் முழுங்கின வரி. திட்ட முடியாத ஆளிடம் சொல்கிறோமே, இதுவும் கோழைத்தனம்தானே என்று நடுவில் தோன்றியது. அதையும் சொன்னேன்.

பர்ஸில் இருந்து அந்தக் காகிதத்தை எடுத்துப் படித்தான். என்னைப் பார்த்தான். மறுபடி படித்தான். பிறகு நோட்டில் எழுதித் திருப்பினான்.

"மூணு வருஷமா, ஒழுங்கா கேக்கறவன் அந்த ஒருத்தன்தான்னு நெனச்சுட்டு இருந்தேன்."

கோபமா? எனக்குப் புரியவில்லை. "அண்ணா, திட்டி எழுதேன்" என்றேன். பேனாவை மூடிவிட்டான்.

5 செப்டம்பர், வியாழன்

பாலசுப்ரமணியன் கணக்கைத் திறந்துவிட்டிருந்தார். குரூப்புக்கு எழுதினேன்: "நான் ரூபினி. ராகேஷின் தங்கை. ஜூலை 31-ஆம் தேதி எழுதியது போலி இல்லை, நான்தான். கச்சேரியில் நீங்கள் கைதட்டியது இடைவெளிக்கு இல்லை. அவனுக்குக் குரல் போயிற்று."

பிறகு இதன் கீழே சேர்ப்பது: இரண்டு நாள் யாரும் எதுவும் எழுதவில்லை. மூன்றாம் நாள் டென்சில் மட்டும்: "அந்த மெயில் நீங்கள்தான் என்று நான் நம்பியிருக்க வேண்டும். மன்னியுங்கள்." அவர் எதற்கு மன்னிப்பு கேட்க வேண்டும்?

12 செப்டம்பர், வியாழன்

ஒன்பது நாள். தண்ணிகூட அம்மாவிடம்தான் எழுதிக் கேட்கிறான்.

1 அக்டோபர், செவ்வாய்

ஆபரேஷன் முடிந்தது. முக்கால் மணி நேரம். அவனை உள்ளே கொண்டுபோகும்போது ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நடந்தேன். என்னைப் பார்த்துக் கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தான். அவ்வளவுதான். அது எனக்கா, பயத்தில் தானாக மூடியதா, எப்படித் தெரியும்? ஆனாலும் அதைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே உட்கார்ந்திருந்தேன்.

22 அக்டோபர், செவ்வாய்

பேசுகிறான்! மெல்லிசாக, கொஞ்சம் தாழ்ந்து, வேறு யாரோ மாதிரி. கர்ஜனை இனி கிடையவே கிடையாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கால் சென்டரில் போன் இல்லாத பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள், மெயிலுக்குப் பதில் எழுதுகிற வேலை. அம்மாவிடம் பேசினான், சண்முகத்திடம் பேசினான். என்னிடம், "அந்த ஃபேனைப் போடு." போட்டேன். ஃபேன் போட்டதற்காகப் பாத்ரூமில் போய் அழுதவள் ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

17 நவம்பர், ஞாயிறு

காலையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ராகேஷ் வந்து எதிரில் உட்கார்ந்தான். ஒரு காகிதத்தை என் முன்னால் தள்ளினான். புதுப் பாட்டு, பதினாறு வரி, அவன் கோணல் கையெழுத்து. சண்முகம் மெட்டுப் போட்டுவிட்டானாம், மெதுவாக, இந்தக் குரலுக்கு எட்டுகிற மாதிரி.

படித்தேன். மூன்றாவது வரி சொத்தை. யாரோ வெளிநாட்டுக்காரன் எழுதின மாதிரி பெரிய பெரிய வார்த்தை. மற்றதெல்லாம் நன்றாகவே இருந்தது.

"நல்லா இருக்குண்ணா" என்றேன்.

"எல்லாமா?"

"எல்லாமே நல்லா இருக்கு."

காகிதத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. என் கையில் இருந்த கத்தியை வாங்கிக் கீழே வைத்தான். அந்தப் புதுக் குரலில், "நீ வேணாம்டி. சம்மட்டியைக் கூப்பிடு" என்றான்.

வெங்காயக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு எரிச்சலில் கத்தினேன். அவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அப்புறம் மூன்றாவது வரியைச் சொன்னேன். ஏன் சொத்தை என்றும் சொன்னேன். முகம் சுளித்தான். "அவ்ளோ மோசமா?" என்றான். அவ்வளவு மோசம் என்றேன்.

அங்கேயே, அடுப்படியிலேயே உட்கார்ந்து அந்த வரியை மாற்றினோம். மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்கு.